“படிச்சாச்சு” என்றால் போதுமா?



வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளில் மாலை நேரத்தில் தவறாமல் ஒலிக்கும் கேள்வி ஒன்று உண்டு. “என்ன, படிச்சாச்சா?” தவறாமல் கிடைக்கும் பதில், “படிச்சாச்சு.” என் வீட்டிலும் பல வருஷங்கள் இதே கதைதான். வேலை முடிந்து, சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் தவித்து, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழையும் நான், செருப்பைக் கழற்றும்போதே இதைக் கேட்பேன். பதில் வந்ததும் திருப்தியாகிவிடும்.

என் பையன் எட்டாம் வகுப்பில் அறிவியல் பாடத்தில் தேறவில்லை. விடைத்தாளைப் பார்த்து நான் சத்தம் போட்டபோது, அவன் அழுதுகொண்டே சொன்னான்: “அப்பா, அந்தப் பாடத்தை அஞ்சு தடவை படிச்சேன்பா.” அவன் பொய் சொல்லவில்லை. அவன் அம்மாவே சாட்சி. ‘படி, படி’ என்று தினமும் சொன்ன நான், எப்படிப் படிப்பது என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் நான் தேடித் தெரிந்துகொண்டதையும், வீட்டில் செய்து பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் பிள்ளைகளின் சுமை

இங்குள்ள நம் குழந்தைகளின் நாள் சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. பொழுது புலரும் முன்பே பள்ளிப் பேருந்துக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். ஆங்கிலம், ஹிந்தி அல்லது தமிழ் ஆகியவற்றோடு, அமீரகத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபியும் கட்டாயம். வீடு திரும்பினால் ஒரு படுக்கையறை ஃபிளாட். அங்கேயே தொலைக்காட்சி, தம்பி தங்கை, சமையல் சத்தம். போதாக்குறைக்குக் கையில் செல்போன். இந்தச் சூழ்நிலையில் ‘எப்போது தோன்றுகிறதோ அப்போது படிக்கலாம்’ என்று விட்டால், அந்தத் தோன்றல் இரவு பத்து மணிக்குத்தான் வரும். அப்போது தூக்கமும் கூடவே வரும்.

ஆகவே முதல் பழக்கம், நேரமும் இடமும். தனி அறை அவசியமில்லை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை போதும். ஆனால் தினமும் அதே மூலை, அதே நேரம். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சியும் ஓடக்கூடாது, போனும் அந்த அறையில் இருக்கக்கூடாது. இந்த விதி அப்பாவின் போனுக்கும் சேர்த்துத்தான்! நாம் வீடியோ பார்த்துக்கொண்டு பிள்ளையைப் படிக்கச் சொன்னால் அது எடுபடாது.

வாசிப்பது வேறு, நினைவில் நிற்பது வேறு

ஜெர்மனியில் ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-ல் நூலாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே நினைவில் நிற்கிறது என்பதும் அவர் கண்டவை. தேர்வுக்கு முதல் நாள் ஐந்து தடவை படிப்பதைவிட, அன்று நடந்த பாடத்தை அன்றே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, வாரக் கடைசியில் ஒரு தடவை பார்ப்பது மேல்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கண்ணைத் திறக்கிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்து, பிறகு பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது இரு முறை வாசித்தவர்களே முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். பாராமல் எழுதியவர்களுக்கோ 56 சதவீதம்! என் பையன் ஐந்து தடவை படித்தும் கோட்டைவிட்ட காரணம் இதுதான். புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். மூடினால்தான் குட்டு வெளிப்படும்.

இது நமக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள், பாராமல் ஒப்பித்தார்கள், சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குப் பாடம் சொன்னான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதுவதை உள்ளூர்ப் பள்ளியில் பார்த்துத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் அங்கே நடைமுறையாக்கி, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. உங்கள் வீட்டு அக்கா தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால், அதிக லாபம் அக்காவுக்கே.

பிடிக்காத பாடம் முதலில்

கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தது ஏன்? கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால்தான். மேதைக்கே அந்தக் கதி. நம் பிள்ளைகளும் பிடித்த பாடத்தின் வீட்டுப்பாடத்தை முதலில் முடித்து, கஷ்டமானதைத் தூக்கம் வரும் நேரத்துக்குத் தள்ளுகிறார்கள். மனம் தெளிவாக இருக்கும் முதல் அரை மணியைக் கஷ்டமான பாடத்துக்கே கொடுங்கள்.

2022 ஜனவரி முதல் அமீரகத்தில் வெள்ளிக்கிழமை அரை நாள், சனி, ஞாயிறு விடுமுறை. வார வீட்டுப்பாடத்தை வெள்ளி மாலையே முடித்துவிட்டால், ஞாயிறு இரவு வீட்டில் ரகளை இராது. வெள்ளியும் விடுமுறையான ஷார்ஜாவிலும், வெள்ளி, சனி விடுமுறை உள்ள மற்ற வளைகுடா நாடுகளிலும் வியாழன் மாலை. ஏப்ரலில் வகுப்பு தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போய்விடுவதால், முதல் பருவத்தில் படித்தது காற்றில் கரைந்துவிடும். தாத்தா வீட்டிலும் தினம் அரை மணி புத்தகம் கையில் இருக்கட்டும்.

பெற்றோர்களே, நம்மில் பெரும்பாலோர் இங்கே நிரந்தரமாக வாழ வந்தவர்கள் அல்ல. பிளஸ் டூ முடித்ததும் பிள்ளைகளில் பலர் ஊருக்கோ வேறு தேசத்துக்கோ தனியாகப் போகிறார்கள். அந்த விடுதி அறையில் நாமும் இருக்கமாட்டோம், டியூஷன் வாத்தியாரும் இருக்கமாட்டார். கூட வருவது பழக்கம் ஒன்றுதான்.

நான் இப்போது “படிச்சாச்சா?” என்று கேட்பதில்லை. “இன்னிக்கு என்ன படிச்சே? புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்கிறேன். பத்து நிமிஷம்தான் ஆகிறது. அந்த வருஷம் என் பையன் முதல் மாணவனாக வந்துவிடவில்லை. ஆனால் அறிவியலில் தேறினான். அதைவிட முக்கியம், அதன்பின் விடைத்தாளை என்னிடமிருந்து ஒளிக்கவில்லை.

இன்று மாலையே தொடங்குங்கள். எல்லாக் குழந்தைகளும் கல்வியில் சிறந்து விளங்கக் கலைவாணி அருள்புரிவாளாக.