எடைக்கருவி காட்டாதவை

உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வந்த அம்மையார் ஒருவரிடம், எடை நன்றாகக் குறைந்திருப்பதைக் கூறி நாங்கள் மகிழ்ந்தோம். நீரிழிவு மாத்திரைகளும் குறைந்திருந்தன. அவரோ, "கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே பயமாக இருக்கிறது டாக்டர். இரண்டு வாய் இறங்கியதும் எதுக்களித்துக்கொண்டு வருகிறது" என்றார். எங்கள் கோப்பில் அவருடைய சிகிச்சை வெற்றி என்றே பதிவாகியிருந்தது. பந்தியைப் பற்றி எழுத அதில் கட்டமே இல்லை.

மருத்துவ ஆய்வுகளிலும் நெடுங்காலம் இக்குறை இருந்தது. எவற்றை அளப்பது என்பதை மருத்துவர்களே தீர்மானித்தோம். அதையும் ஆளுக்கொரு விதமாக அளந்தோம். அதனால் 'எனக்கு எந்த அறுவை சிகிச்சை ஏற்றது?' என்று கேட்பவருக்கு ஆய்வுகளை ஒப்பிட்டு விடை கூறுவது கடினமாயிற்று.

பிரிட்டனில் 'பாரியாக்ட்' என்னும் திட்டம் இதைச் சீர்செய்ய முயன்றது. மருத்துவத் துறையினரிடம் மட்டுமன்றி, நோயாளிகளிடமும் எவை முக்கியம் என்று கேட்கப்பட்டது. 2016-இல் வெளியான முடிவின்படி, இத்துறையின் ஒவ்வோர் ஆய்வும் குறைந்தது 9 விளைவுகளை அளக்க வேண்டும். அவற்றுள் எடை ஒன்றுதான். நீரிழிவின் நிலை, இதயநோய் ஆபத்து, உயிரிழப்பு, அறுவை சார்ந்த சிக்கல்கள், மறு அறுவை, வைட்டமின் மற்றும் தாதுச்சத்துகளின் நிலை, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றோடு, விழுங்குவதில் சிரமமும் எதுக்களிப்பும் அப்பட்டியலில் இடம்பெற்றன. எங்கள் அம்மையாரின் பந்திக் கவலைக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது.

அந்நாட்டிலேயே 12 மருத்துவமனைகளில் 1,300-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த 'பை-பேண்ட்-ஸ்லீவ்' ஆய்வு, மூன்று வகை அறுவை சிகிச்சைகளை ஒப்பிட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் எடை எவ்வளவு குறைந்தது என்பதோடு, வாழ்க்கைத்தரம் எப்படி இருக்கிறது என்பதையும் அது முதன்மை அளவுகோலாகக் கொண்டது.

நம் நாட்டில் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்ட திட்டத்தை. கேள்வியை வகுக்கும்போதே உடனிருப்பது வேறு. இரத்தம் கொடுத்துப் படிவத்தில் கையொப்பமிடுபவர் ஆய்வில் பங்கேற்கிறார்; 'இதைக் கேளுங்கள், இதை விட்டுவிட்டீர்கள்' என்பவர் ஆய்வை நடத்துவதிலேயே பங்கு கொள்கிறார். இது வெறும் சம்பிரதாயம் என்று நாங்களும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு.

இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தைப் படித்து எந்த வரி புரியவில்லை என்று கூறலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால் ஒருநாள் கூலி போகும் என்பதை எங்களுக்கு நினைவூட்டலாம். வீட்டில் தனிச் சமையல் செய்பவர் அறிந்தவை நோயாளியும் அறியாதவை. ஆதலின் குடும்பத்தாரும் வரலாம். மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் நேராது.

ஒரு சங்கடம் உண்டு. இத்தகைய கூட்டங்களுக்கு முன்வருபவர்கள் பெரும்பாலும் நலமாகத் தேறியவர்களே. எடை மீண்டும் கூடியவர்கள் கூச்சப்பட்டு மறுபரிசோதனைக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள். எங்கள் கோப்புகளில் அவர்களுடைய பக்கங்கள் பாதியில் நிற்கின்றன. உங்கள் உறவிலோ தெருவிலோ அத்தகையவர் எவரேனும் இருந்தால், எடை பார்ப்பதற்காக அன்று, பேசுவதற்காக மட்டும் ஒருமுறை வரச் சொல்லுங்கள்.