ஒரு பருவம் தவறினால் 21 நாள் நஷ்டம்! கறவை மாடு வளர்க்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கடன் கிடைத்தால் மாடு வாங்கிவிடலாம். கொட்டகையும் போட்டுவிடலாம். ஆனால், ஒரே வருடத்தில் அந்த மாட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, ‘பால் மாடு கட்டுப்படியாகாது’ என்று ஒதுங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பல நேரம் குறை மாட்டில் இல்லை. பார்க்கிற கண்ணிலும் கறக்கிற கையிலும்தான். இரண்டையுமே பழகிக்கொள்ளலாம்.

கண் முக்கியம்!

கன்று ஈன்றால்தான் பால். பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அடிக்கடி கத்துவது, தீவனம் எடுக்காமல் இருப்பது, கண்ணாடி போல வழவழப்பாக ஒழுகுவது, இன்னொரு மாடு மேலே தாவினாலும் நகராமல் நிற்பது ஆகியவை அறிகுறிகள். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் அடுத்த கன்று 21 நாள் தள்ளிப்போகும். பால் வற்றிய பிறகும் அத்தனை நாள் சும்மா தீனி போட வேண்டும். நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்தாலே 4,200 ரூபாய்! எருமையில் இந்த அறிகுறிகள் வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதால் அதிகாலையிலும் இரவிலும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கறப்பதும் ஒரு கலை

மடியைக் கழுவித் துடைத்ததும் கறக்கத் தொடங்கிவிடுங்கள். பாலை இறக்கும் ஹார்மோன் 5 முதல் 7 நிமிடம்தான் வேலை செய்யும். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு புண்ணாகும்; முழுக் கையால் கறப்பதே நல்லது.

முதல் பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் மடிநோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கறந்த பின் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமலிருக்கக் கொஞ்சம் பசுந்தீவனம் போடுங்கள், நின்றபடி தின்னும்.

40 பக்க நோட்டு போதும்

சினை ஊசி போட்ட தேதி, கோமாரித் தடுப்பூசி, தினசரிப் பால், தீவனச் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்த வேண்டும். ஊசி போட்ட தேதி தெரியாமல் இதை எப்படிக் கணக்கிடுவது? சங்கத்தில் கொழுப்பையும் இதரச் சத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அந்த அளவுகளையும் குறித்து வைத்தால், தீவனத்தில் எங்கே குறை என்பது பிடிபடும்.

கன்று பிறந்த அரை மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். அதன் நோய் எதிர்ப்புச் சக்தியே அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. மாட்டுச் சந்தைக்குக் கிளம்பும் முன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள்!