மொழித் தரவுகளைப் பகுப்பாய்வு மென்பொருளோடு இணைத்தல்: தடைகளும் திருத்தங்களும்

1. முன்னுரை

1990களின் தொடக்கத்தில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளுக்கான கணிப்பொறித் தரவகங்களை உருவாக்கும் பணியைத் தொடங்கியது. அதுமுதல் தமிழ் மொழியியலாரும் அகராதியியலாரும் தொடரட்டைகளிலிருந்து கணிப்பொறிக் கோப்புகளுக்குப் படிப்படியாக மாறினர். இன்று ஆய்வாளர் ஒருவரின் தரவு ஓரிடத்தில் இருப்பதில்லை. உரைகள் ஒரு கோப்புத் தொகுதியிலும், கலைச்சொற்கள் ஒரு தரவுத்தளத்திலும், களப்பணிக் குறிப்புகள் ஓர் அட்டவணைக் கோப்பிலும் இருக்க, சொற்களை எண்ணுவதும் ஒப்பிடுவதும் வேறொரு மென்பொருளில் நிகழ்கின்றன. இவற்றை இணைப்பது பொறியாளரின் வேலை என மொழியறிஞர்கள் ஒதுங்கிவிடுவதுண்டு. ஆனால் இணைப்பில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை எழுத்தைப் பற்றியவை. ஆகவே அவற்றைக் கண்டறியும் தகுதி மொழியறிஞருக்கே மிகுதி.

இணைப்புப் பிழைகளை இருவகைப்படுத்தலாம். இணைப்பு நிகழாமற்போவது ஒன்று. அதனை மென்பொருளே அறிவித்துவிடுகின்றது. இணைப்பு நிகழ்ந்தும் தரவு திரிந்து வருவது மற்றொன்று; அதனை எவரும் அறிவிப்பதில்லை. முன்னது நேரத்தை வீணாக்கும். பின்னது முடிவையே பொய்யாக்கும். இக்கட்டுரை முதல் வகையைச் சுருக்கமாகவும் இரண்டாம் வகையை விரிவாகவும் விளக்க முற்படுகின்றது.

2. இணைப்பின் உறுப்புகள்

எந்த இணைப்பிலும் நான்கு உறுப்புகள் உள்ளன: தரவு இருக்கும் இடம், அதனைப் பெறும் பகுப்பாய்வு மென்பொருள், இரண்டிற்கும் இடையே நின்று ஒன்றன் வேண்டுகோளை மற்றொன்றுக்குப் புரியவைக்கும் டிரைவர் எனப்படும் இயக்கி, முகவரி, பெயர், கடவுச்சொல், எழுத்துக் குறியேற்றம் ஆகியவற்றைக் கூறும் இணைப்புக் குறிப்பு. இயக்கியைப் பழைய வணிகத் துறைமுகங்களின் துபாசிக்கு ஒப்பிடலாம். துபாசி இல்லையெனில் பேச்சு நிகழாது. துபாசி தவறாகப் பெயர்த்தால் பேச்சு நிகழ்ந்தும் பயனில்லை.

ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி இயக்கி வைத்திருக்க வேண்டிய நிலையை மாற்ற, 1992இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓ.டி.பி.சி. என்னும் பொது இடைமுகத்தை வெளியிட்டது. இன்றும் புள்ளியியல் மென்பொருள்களும் அட்டவணை மென்பொருள்களும் தரவுத்தளங்களை அணுகும் முதன்மையான வழிகளுள் அது ஒன்றாக விளங்குகின்றது.

3. வெளிப்படையான தடைகள்

இணைப்பு நிகழாதபோது தடையை அருகிலிருந்து தொலைவு நோக்கித் தேடுவது நன்று. முதலில் இயக்கியைப் பார்க்க வேண்டும். 64 பிட் மென்பொருள் 32 பிட் இயக்கியை ஏற்பதில்லை. விண்டோஸ் 64 பிட் அமைப்பில் ஓ.டி.பி.சி. மேலாண்மைக் கருவிகள் இரண்டு உள்ளன. ஒன்றில் பதிந்த இயக்கி மற்றொன்றைப் பயன்படுத்தும் மென்பொருளுக்குத் தெரியாது. 64 பிட் கருவி 'சிஸ்டம்32' என்னும் பெயருள்ள கோப்புறையிலும், 32 பிட் கருவி '64' என்னும் எண் தாங்கிய வேறொரு கோப்புறையிலும் இருப்பதால், பெயரை நம்பித் தேடுவோர் ஏமாறுவர்.

அடுத்து, முகவரியையும் வாயில் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வழக்கமாக 3306 என்னும் வாயிலிலும், போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் 5432 என்னும் வாயிலிலும் வேண்டுகோள்களைப் பெறும். விடையே வராமல் நேரம் கடந்தால் இடையிலுள்ள பாதுகாப்பரண் தடுக்கின்றது எனக் கொள்ளலாம். உடனடியாக மறுப்பு வந்தால் பெரும்பாலும் அவ்வாயிலில் தரவுத்தளம் இயங்கவில்லை எனலாம். அனுமதி இல்லை என விடை வந்தால் முகவரி சரியே. கடவுச்சொல்லையோ உரிமையையோதான் திருத்த வேண்டும். இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒரே மருந்தைத் தருதல் கூடாது.

4. மறைந்துநிற்கும் பிழைகள்

4.1 குறியேற்ற வேறுபாடு

கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கின்றது. எந்த எண் எந்த எழுத்து என்பதே குறியேற்றம். தமிழுக்கு 1991இல் வந்த இஸ்கி, 1990களின் பிற்பகுதியில் பரவிய டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம், பின்னர் நிலைபெற்ற யூனிகோடு எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. பழைய கோப்புகள் இன்றும் இவற்றில் உள்ளன. எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டும் போதாது. டிஸ்கியும் டாபும் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கின்றன. அவற்றில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன் நிற்கும். யூனிகோடு ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுவதால் அதே கொம்பு மெய்க்குப் பின் நிற்கும். வரிசையையும் மாற்றாத மாற்றி கொம்பு பெற்ற எழுத்துகளையெல்லாம் சிதைத்துவிடும்.

திரையில் தோன்றும் சிதைவின் வடிவத்தைக் கொண்டே பிழை எவ்விடத்தில் நேர்ந்தது என அறியலாம்.

(அ) எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றினால் எழுத்துரு மட்டுமே இல்லை. தரவு நலமாக உள்ளது.

(ஆ) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மேற்குறியிட்ட ஆங்கில 'ஏ'யில் தொடங்கும் மும்மூன்று குறிகளாகத் தோன்றினால், யூ.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் உள்ள உரையை மேலை ஐரோப்பியக் குறியேற்றமாக மென்பொருள் படித்துள்ளது. தரவு பிழைக்கும், இணைப்புக் குறிப்பில் குறியேற்றத்தைத் திருத்தினால் போதும். அந்நிலையில் கோப்பை மீண்டும் சேமித்துவிடுதல் ஆகாது.

(இ) எழுத்துகள் அனைத்தும் வினாக்குறிகளாக மாறியிருந்தால், அவ்வெழுத்துகளுக்கு இடமில்லாத குறியேற்றத்தினூடே தரவு கடந்து வந்துள்ளது. மாறிய படியிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. மூலத்திலிருந்தே மீண்டும் பெற வேண்டும்.

இவற்றினும் நுட்பமானது இரு தவறுகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும் நிலை. 2018க்கு முற்பட்ட மைஎஸ்கியூஎல் பதிப்புகளில் மேலை ஐரோப்பியக் குறியேற்றமே இயல்பிருப்பாக இருந்தது. அத்தகைய தளத்தில் தமிழ் பைட்டுகளை இட்டு, அதே தவறான அமைப்புடன் எடுத்தால் தமிழ் சரியாகவே தோன்றும். பல்லாண்டு இவ்வாறு வழங்கிய தளத்தைச் சரியான அமைப்புடைய புதிய மென்பொருளோடு இணைத்த நாளில் எல்லாம் சிதைந்து தோன்றும். பழி புதிய மென்பொருளின்மேல் விழும். திருத்தம் இணைப்பில் இல்லை. தளத்திலுள்ள பைட்டுகளை அப்படியே வைத்து, அவற்றின் குறியேற்றப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

4.2 ஓர் எழுத்துக்கு இரு வடிவங்கள்

யூனிகோடில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் சேமிக்கலாம். 'கோ', 'கௌ' ஆகியவற்றுக்கும் இஃது ஒக்கும். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. தேடும் மென்பொருளுக்கு இவை வெவ்வேறு சொற்கள்.

இதன் விளைவு ஆய்வில் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்குத் தமிழ்த் துணைவினைகளே சான்று. கொள், கொடு, போ, போடு ஆகிய நான்கும் இவ்வுயிர்க்குறிகளைக் கொண்டவை. விடு, இரு, வை, பார் ஆகியவை கொள்ளாதவை. இரு மூலங்களிலிருந்து வந்த உரைகளை ஒன்றிணைத்த தரவகத்தில் ஒரு மூலம் பிரிந்த வடிவில் இருப்பின், முதல் நான்கன் எண்ணிக்கை மட்டும் குறையும். பின் நான்கன் எண்ணிக்கை குறையாது. 'போடு' அருகி வருகின்றது, 'விடு' பெருகி வருகின்றது என மொழிமாற்றம் பற்றிய ஒரு முடிவுக்கே ஆய்வாளர் வந்துவிடக்கூடும். பிழை தாறுமாறாக இல்லாமல் ஒழுங்காக அமைவதால் அது மொழியுண்மை போலவே காட்சி தரும்.

என்.எஃப்.சி. எனப்படும் ஒழுங்காக்கம் பிரிந்த வடிவங்களைச் சேர்த்துவிடும். எனினும் அதுவும் தீர்க்காத இரட்டைகள் உண்டு. 'ஸ்ரீ' என்பதனை ஸகர மெய்யாலும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட வடமொழி ஶகர மெய்யாலும் எழுதலாம். 'ஔ'காரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவதும் பெருவழக்கு. இவற்றைத் தனி விதிகளால் திருத்த வேண்டும்.

4.3 பைட்டு அளவு

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் 3, யூனிகோடு குறிகள் 5, யூ.டி.எஃப்.-8இல் பைட்டுகள் 15. எழுத்தெண்ணி நீளம் வகுத்தவர் பைட்டெண்ணி வகுக்கும் தளத்தோடு இணையும்போது சொற்களின் கடைப்பகுதி வெட்டுண்ணும்.

கல்வெட்டு, சுவடி ஆய்வாளர் மற்றொன்றையும் கருத வேண்டும். 2010இல் யூனிகோடில் இடம்பெற்ற பிராமியும், 2014இல் இடம்பெற்ற கிரந்தமும், 2019இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளும் எழுத்துக்கு 4 பைட்டுகள் வேண்டுபவை. மைஎஸ்கியூஎல் தளத்தின் பழைய 'யூ.டி.எஃப்.-8' வகை 3 பைட்டுகளை மட்டுமே ஏற்கும். கண்டிப்பு முறை இயங்காத தளத்தில் ஒரு மாக்குறியோ முந்திரிக்குறியோ வந்தால், அக்குறி மட்டுமன்றி அதற்குப் பின்னுள்ள வாசகம் முழுவதும் அப்பதிவில் அற்றுவிடும். நிலக்கொடைக் கல்வெட்டில் அளவுக்குப் பின் வரும் எல்லை விவரம் இல்லாமற்போவதற்கு இஃது ஒன்றே போதும். 4 பைட்டு வகையைத் தளம், அட்டவணை, இணைப்பு ஆகிய மூன்றிடத்தும் குறிப்பிடுவதே தீர்வு.

4.4 சொல்லெல்லையும் அகரவரிசையும்

யூனிகோடு தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் 'எழுத்து' என்னும் பிரிவில் வைக்காமல் 'குறி' என்னும் பிரிவில் வைத்துள்ளது. சொல்லை எழுத்துகளின் தொடர் என மட்டும் வரையறுக்கும் மென்பொருள் 'தமிழ்' என்பதனைத் 'தம', 'ழ' என இரு துண்டாக்கும். பைத்தான் மொழியின் வழக்கமான தேடற்கோவை நூலகத்திலும் இதே நிலைதான். ஆன்ட்கான்க் போன்ற தொடரடைவு மென்பொருள்களில் சொல் வரையறையை மாற்றும் வசதி உண்டு. அதில் குறிகளையும் சேர்த்துவிட வேண்டும்.

குறியெண் வரிசையில் அடுக்கினால் 'அகம்' முன்னும் 'அக்கம்' பின்னும் வரும். அகராதி மரபு இதற்கு மறுதலை. னகரம் நகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்திற்குப் பின்னும் வந்து நிற்கும். தமிழ் வரிசைமுறையை இணைப்பிலேயே குறிப்பிடாவிடின் சொல்லடைவு பயன்படாது.

5. அட்டவணைக் கோப்புகள்

மொழிபெயர்ப்பாளர்கள் கலைச்சொற்களைப் பெரும்பாலும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சி.எஸ்.வி. கோப்புகளாகப் பரிமாறிக்கொள்கின்றனர். யூ.டி.எஃப்.-8 கோப்பின் தலைப்பில் மூன்று பைட்டு முன்குறி இல்லையெனில் எக்செல் மென்பொருள், கோப்பை நேரடியாகத் திறக்கும்போது, தமிழைச் சிதைத்துக் காட்டுவது வழக்கம். அம்முன்குறியை இட்டாலோ வேறு சில மென்பொருள்கள் அதனை முதற் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அப்பெயரில் பத்தியே இல்லை எனக் கூறும். மேலும் '3-12' எனப் பாடலும் அடியும் குறித்த மேற்கோள் எண், நேரடியாகத் திறந்த அளவில் தேதியாக மாறிவிடும். பத்திகளை உரைவகையென அறிவித்து இறக்குமதி செய்வதே பாதுகாப்பானது.

வரிசை எல்லையும் கருதத்தக்கது. எக்செல் கோப்பின் பழைய வடிவம் 65,536 வரிசைகளையும் புதிய வடிவம் 10,48,576 வரிசைகளையும் மட்டுமே கொள்ளும். 2020இல் இங்கிலாந்தின் பொதுநலத் துறையில் ஆய்வகச் சோதனை முடிவுகள் பழைய வடிவத்தினூடே கடத்தப்பட்டபோது, எல்லையைத் தாண்டிய 15,841 கொரோனாத் தொற்றுப் பதிவுகள் உரிய காலத்தில் அறிக்கையில் இடம்பெறாமற்போயின. அங்கும் இணைப்பு அறுபடவில்லை. எண்ணிக்கையை ஒப்பிடாததே குறை. பெருந்தரவகத்தின் சொற்பட்டியலுக்கும் இவ்வாறு நேரலாம்.

6. சோதனை நெறி

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு நடைமுறையை வகுக்கலாம்.

முதலாவது, மூலத் தரவை மாற்றாமல் தனியே வைத்தல். இரண்டாவது, சோதனைப் பதிவு ஒன்றை மூலத்திலேயே சேர்த்தல். கொ, கோ, கௌ, ஸ்ரீ, ஃ, புள்ளியெழுத்துகள், ஒரு பின்னக்குறி, காற்புள்ளி, மேற்கோட்குறி, '007', '3-12' ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு மூட்டிலும் அப்பதிவைக் கண்ணால் பார்ப்பதோடு குறிகளின் எண்ணிக்கையாலும் ஒப்பிடுதல். நான்காவது, வரிசைகளின் எண்ணிக்கையையும், நன்கறிந்த சில சொற்களின் எண்ணிக்கையையும் இரு புறமும் ஒப்பிடுதல். ஐந்தாவது, ஒழுங்காக்கத்தைத் தரவு நுழையும் வாயிலிலேயே ஒருமுறை செய்தல். இறுதியாக, குறியேற்றம், இயக்கியின் பதிப்பு, சொல் வரையறை ஆகியவற்றை ஆய்வேட்டிலேயே பதிவுசெய்தல்.

7. முடிவுரை

சுவடிகளிலிருந்து நூல் பதிப்பித்தோர், படியெடுத்தவரின் கை எங்கெங்குத் தவறும் என்பதனை அறிந்து பாடவேறுபாடுகளைக் கண்டனர். இன்று படியெடுப்பது இயக்கியும் இணைப்புக் குறிப்புமாகும். அவற்றின் தவறுகளுக்கும் ஒழுங்கு உண்டு என்பதால் அவற்றையும் கற்கலாம். திரையில் தமிழ் தோன்றுவது இணைப்பு செம்மையாக நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது. எண்ணி ஒப்பிட்ட பின்னரே அத்தரவை மொழியியல் முடிவுக்கு அடிப்படையாகக் கொள்ளுதல் தகும்.