காற்றின் கதவு எங்கே?

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானியல் ஆய்வகம் வரும். உயரம் சுமார் 725 மீட்டர். கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. சாதாரண பெட்ரோல் கார் அந்தக் காற்றை வைத்தே சமாளிக்க வேண்டும். காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜரோ டர்போவோ இருந்தால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் எனக்குச் சுவாரசியம் இறக்கத்தில்தான். கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். த்ராட்டில் தகடு காற்றுவழியை மூடுகிறது. அமுக்கும் கருவியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தள்ளும் காற்று எங்கே போகும்?

த்ராட்டில் கருவிக்குப் பின்னால் இருந்தால் போக்கிடமே இல்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அமுக்கினால் குழல் சுடுமே, அந்தக் கதைதான். சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது இன்ஜினின் பெல்ட், நிறுத்த முடியாது. அதனால் பெல்ட் வகையில் பெரும்பாலும் த்ராட்டிலை முன்னால் வைக்கிறார்கள். மூடினால் கருவிக்கே காற்று வராது, வீண் உழைப்பும் இல்லை. மெதுவாக ஓட்டும்போது பைபாஸ் வால்வு திறந்து, வெளியேறும் காற்றை நுழைவாயிலுக்கே திருப்பிவிடும். த்ராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடம் நிரம்பச் சற்று நேரமாகும் என்பது இதன் குறை.

டர்போவைச் சுற்றுவது புகை. அதற்கு முன்னால் த்ராட்டிலை வைத்தால், மூடியதும் உண்டாகும் வெற்றிடம் தண்டின் சீல் வழியாக ஆயிலை உறிஞ்சிவிடும். ஆகவே இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் த்ராட்டில் பின்னால்தான். தேங்கும் அழுத்தத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு உண்டு; காலை எடுத்ததும் சில கார்களில் கேட்கும் 'உஸ்' அதன் வேலை.

காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குள்ளேயே த்ராட்டில் இருந்த காலத்தில், எது முன், எது பின் என்பது பெரிய கட்சிப் பிரச்சினை. 1920களின் மெர்சிடிஸ், கார்புரேட்டருக்குள் காற்றை ஊதியது. அதுவும் பெடலை முழுக்க மிதித்தால் மட்டும். 'ப்ளோயர்' பென்ட்லியிலோ கார்புரேட்டர் முதலில். பெட்ரோல் கலந்த காற்றையே சூப்பர்சார்ஜர் இழுத்தது.

விமானங்களிலும் இதே கேள்வி இருந்தது. 1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையின் 6ஆவது ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்தவை ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் மெர்லின் இன்ஜினும் பென்ட்லி கட்சிதான். சூப்பர்சார்ஜர் வாயிலிலேயே பெட்ரோல் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியாகும், சக்தி கூடும். இன்றைய கார்களில் இன்ஜெக்டர் சிலிண்டரை ஒட்டியோ அதற்குள்ளேயோ பெட்ரோலைத் தெளிப்பதால் அந்த லாபம் கணக்கிலேயே இல்லை. பெல்ட்டும் ஆயில் சீலும்தான் த்ராட்டிலின் இடத்தை முடிவு செய்கின்றன.