பவுண் ஏன் ஏறி இறங்குகிறது? பிரெக்சிட்டும் உங்கள் கைச்செலவுக் காசும்

நீங்கள் பிரித்தானியாவுக்கு வந்து சில கிழமைகளோ சில மாதங்களோதான் ஆகியிருக்கும். தங்கியிருக்கும் இடத்தில் ஓடும் தொலைக்காட்சியில் பவுண் இறங்கிவிட்டது, ஏறிவிட்டது என்று சொல்வது காதில் விழும். ஊரிலிருந்து பேசும் அம்மாவும் "தம்பி, அங்கை பவுண் விழுந்திட்டுதாம், உண்மையே?" என்று கேட்பா. பிரெக்சிட் என்ற சொல்லும் இதோடு சேர்ந்து வரும். நேர்முகம், சட்டத்தரணி, கடிதம் என்று ஆயிரம் கவலையோடு இருக்கும் உங்களுக்கு இது பெரிய இடத்துக் கதை போலத் தோன்றலாம். ஆனால் கிழமைக்கு ஒரு தடவை அட்டையில் விழும் சிறு தொகையில் சீவிக்க வேண்டிய ஒருவருக்கு, இது நேரே சோற்றுக் கோப்பைக்கு வந்து சேரும் விடயம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பிரெக்சிட் என்றால் என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் என்பது பல நாடுகள் சேர்ந்த அமைப்பு. அந்த நாடுகளுக்கிடையே பொருட்கள் சுங்கவரி இல்லாமல் போய்வரும். 1973 முதல் இந்த அமைப்போடு சேர்ந்திருந்த பிரித்தானியா, தொடர்ந்து இருப்பதா விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று மக்களிடம் வாக்கெடுத்தது. விலக வேண்டும் என்று 51.9 வீதமானோரும், இருக்க வேண்டும் என்று 48.1 வீதமானோரும் வாக்களித்தார்கள். அந்த விலகலுக்குத்தான் பிரெக்சிட் என்று பெயர்.

வாக்கெடுத்த மறுநாளே விலகிவிடவில்லை. 2020 ஜனவரி 31 அன்றுதான் நாடு விலகியது. பழைய வணிக விதிகள் 2020 டிசெம்பர் 31 வரை இருந்தன. இடைப்பட்ட நாலரை வருடமும் எந்த விதியின் கீழ் வெளியேறுவது, வரி வருமா வராதா, ஒப்பந்தம் இருக்குமா இருக்காதா என்று பிரதமருக்கே நிச்சயமில்லை. பவுணை ஆட்டிப் படைத்தது பெரும்பாலும் இந்த நிச்சயமின்மைதான்.

வழக்கில் கிடக்கும் காணி

ஊரில் ஒரு காணியை நினைத்துப் பாருங்கள். நல்ல மண், நல்ல தண்ணிக் கிணறு, வேலியோரம் பனை. ஆனால் உறுதியில் ஒரு பிரச்சினை வந்து வழக்கு நடக்கிறது. மண்ணும் கிணறும் பனையும் நேற்று இருந்த மாதிரியே இருக்கின்றன. இருந்தும் வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். தீர்ப்பு எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்திலிருந்து ஒரு கதை வரும். அதற்கேற்ப விலை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.

பவுணும் இப்படித்தான். அதற்கு அரசாங்கம் விலை குறிப்பதில்லை. உலகம் முழுவதும் வங்கிகளும் கம்பனிகளும் வாங்கி விற்பதில்தான் அதன் விலை நிர்ணயமாகிறது. ஒரு வெளிநாட்டுக் கம்பனி இங்கே தொழிற்சாலை கட்டவோ கட்டடம் வாங்கவோ வந்தால், முதலில் அது பவுண் வாங்க வேண்டும். "என்ன நடக்குது என்று பாத்திட்டுச் செய்வம்" என்று அந்தக் கம்பனி நின்றுவிட்டால் பவுணைக் கேட்போர் குறைவர், விலை இறங்கும். அதோடு, பிரித்தானியா வெளிநாடுகளுக்குச் செலுத்துவது அங்கிருந்து சம்பாதிப்பதைவிடக் கூட. 2016 இல் அந்தப் பற்றாக்குறை நாட்டின் வருட உற்பத்தியில் 5 வீதத்துக்கு மேல் இருந்தது. வெளிநாட்டார் தொடர்ந்து காசு கொண்டுவந்தால்தான் அந்த ஓட்டை அடைபடும். அவர்கள் தயங்கினால் பவுண் தாங்காது.

வாக்கெடுப்பு நடந்த இரவு நல்ல உதாரணம். விலகமாட்டார்கள் என்றுதான் சந்தையில் பலரும் நம்பினார்கள். அதனால் அன்றிரவு ஒரு பவுண் 1.50 டொலர் வரை போனது. பிறகு வடகிழக்கிலுள்ள சண்டர்லாந்து நகரின் முடிவு வந்தது. 61 வீதம் விலகல் பக்கம். உடனே சரிவு தொடங்கி, விடியும்போது 1.32 டொலருக்கு வந்துவிட்டது. 1985 க்குப் பிறகு பவுண் அவ்வளவு கீழே போனதில்லை. ஓகஸ்ட் 4 அன்று இங்கிலாந்து வங்கி வட்டி வீதத்தை 0.5 இலிருந்து 0.25 ஆகக் குறைத்தது. வட்டி குறைந்தால் பவுணில் காசு வைத்திருக்க ஆர்வம் குறையும், ஆகவே அதுவும் பவுணைக் கீழேதான் தள்ளும்.

அதன்பிறகு நடந்தவை சில உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும். 2017 ஜனவரி 17 அன்று பிரதமர் தெரேசா மே, ஒன்றியத்தின் பொதுச் சந்தையிலிருந்தும் வெளியேறப்போகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். சந்தைக்கு இது கெட்ட செய்தி. ஆனால் பவுண் அன்று ஒரே நாளில் 3 வீதமளவு ஏறியது! இறுதி ஒப்பந்தம் பாராளுமன்ற வாக்கெடுப்புக்கு வரும் என்று அதே உரையில் அவர் சொன்னதும், ஒரு திட்டம் என்று ஒன்றாவது வெளியே வந்ததும்தான் காரணம். 2019 ஜனவரி 15 அன்று அவருடைய ஒப்பந்தம் 202 க்கு 432 என்று பாராளுமன்றத்தில் படுதோல்வி கண்டது. அன்றும் முதலில் விழுந்த பவுண் திரும்ப எழும்பியது. ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறும் ஆபத்து குறைந்துவிட்டது என்று வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள். அதே வருடம் பொரிஸ் ஜோன்சன் பிரதமராகி, ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வெளியேறுவோம் என்றபோது செப்டெம்பர் தொடக்கத்தில் 1.20 டொலருக்கும் கீழே போனது. டிசெம்பர் 12 தேர்தலில் அவர் பெரிய வெற்றி பெற்றவுடன் 1.35 வரை ஏறியது. கெட்ட செய்தியைக்கூட சந்தை தாங்கும். என்ன செய்தி வரும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்காது. புகலிட வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

2020 டிசெம்பர் 24 அன்று வணிக ஒப்பந்தம் முடிவானபின் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கியது. ஆனாலும் அந்த 1.50 டொலரை 2025 வரை பவுண் திரும்பத் தொடவில்லை. 2022 செப்டெம்பரில் அரசாங்கம் கடன் வாங்கி வரி குறைக்கும் ஒரு வரவுசெலவுத் திட்டத்தை அறிவித்தபோது 1.04 டொலருக்கும் கீழே விழுந்தது. அது பிரெக்சிட்டால் வந்ததல்ல. எல்லாவற்றுக்கும் பிரெக்சிட்டைச் சாட்டுகிறவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். பாதியை நம்புங்கள்.

உங்கள் அரிசிப் பைக்கு என்ன நடந்தது?

இந்த நாடு தனக்குத் தேவையான உணவில் கணிசமான பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அரிசி இங்கே வணிக அளவில் விளைவதில்லை. நாம் சாப்பிடும் சிவப்பரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் ரின், நல்லெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் கப்பலில் வருபவை. பெரும்பாலும் டொலரில்தான் விலை பேசுவார்கள்.

இறக்குமதி செய்பவர் ஒரு பை அரிசியை 15 டொலருக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். பவுண் 1.50 டொலராக இருந்தால் அவருக்கு 10 பவுண் செலவு. பவுண் 1.25 டொலருக்கு இறங்கினால் அதே பைக்கு 12 பவுண். அரிசி விளைந்த இடத்தில் ஒரு சதமும் கூடவில்லை. இங்கே இரண்டு பவுண் கூடிவிட்டது.

இது உடனே கடைக்கு வருவதில்லை. பெரிய கம்பனிகள் சில மாதங்களுக்கு முன்பே விலை பேசி வைத்திருக்கும், கடைக்காரரிடம் பழைய இருப்பும் இருக்கும். 2016 ஜூனில் 0.5 வீதமாக இருந்த பணவீக்கம் 2017 நவம்பரில்தான் 3.1 வீதத்துக்குப் போனது. ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள். 2016 ஒக்டோபரில் யூனிலீவர் கம்பனி பவுண் விழுந்ததைச் சொல்லி விலையைக் கூட்டக் கேட்டபோது டெஸ்கோ மறுத்தது. அந்தக் கம்பனியின் பல பொருட்கள் டெஸ்கோ இணையக் கடையில் கிடைக்காமலே போயின. பெரிய கடைக்கு இப்படி மல்லுக்கட்டப் பலம் உண்டு. தெருமுனைத் தமிழ்க் கடைக்கு அது கிடையாது. பவுண் திரும்ப ஏறும்போது விலை அதே வேகத்தில் இறங்குவதும் இல்லை. இதை எந்த ஊர்க் கடையிலும் கண்டிருப்பீர்கள்.

இப்போது உங்கள் அட்டைக்கு வருவோம். ஹோம் ஒபிஸ் என்று நாம் சொல்லும் உள்துறை அமைச்சு, சமையல் வசதியுள்ள வீட்டில் தங்கும் புகலிடக் கோரிக்கையாளருக்குத் தரும் கொடுப்பனவு 2015 ஓகஸ்டில் ஆளுக்குக் கிழமைக்கு 36.95 பவுண் ஆக இருந்தது. வாக்கெடுப்பு நடந்தது, பவுண் விழுந்தது, விலைவாசி ஏறியது; தொகை மாறவில்லை. 2018 பெப்ரவரியில்தான் 37.75 ஆனது. இரண்டரை வருடத்துக்கு 80 பென்ஸ்! சம்பளம் வாங்குகிறவர் கூடக் கேட்கலாம், மேலதிக நேரம் செய்யலாம். வேலை செய்ய அனுமதியில்லாதவர் என்ன செய்வார்? அட்டையில் அதே இலக்கம்தான் தெரியும், கடைப் பைதான் பாரம் குறையும். 2022 இல் விலைவாசி மிக மோசமாக ஏறியபோதும், உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபின்தான் அந்த டிசெம்பரில் 40.85 பவுண் 45 ஆக்கப்பட்டது. இப்போதைய தொகை எவ்வளவு என்பதை எங்கள் ஆலோசகரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மேலதிகமாகச் சிறு தொகை உண்டு. அது தானாக வராவிட்டால் கேட்டுப் பெற வேண்டும், பலர் கேட்பதில்லை.

காசு மாற்றுவதும் அனுப்புவதும்

பவுண் விழுந்தால் எல்லோருக்கும் நட்டம் என்று நினைக்க வேண்டாம். பாரிசிலுள்ள அண்ணா உங்களுக்கு 100 யூரோ அனுப்பினார் என்றால், 2016 ஜூன் வாக்கெடுப்பு நாளில் அது 77 பவுண் அளவில்தான். 2017 ஓகஸ்ட் கடைசியில் அதே 100 யூரோவுக்கு 92 பவுண் அளவில் கிடைத்திருக்கும். வெளியிலிருந்து காசு வாங்குகிறவருக்கு லாபம், இங்கிருந்து அனுப்புகிறவருக்கு நட்டம். ஊருக்கு அனுப்பியவர்களுக்கு வாக்கெடுப்புக்கு முன் ஒரு பவுணுக்கு 215 ரூபா அளவில் கிடைத்தது; அந்த ஒக்டோபரில் 180 அளவில்தான்.

ஆனால் நாணயமாற்று என்பது இரண்டு பக்கமும் ஆடும் தராசு. 2022 தொடக்கத்தில் ஒரு பவுணுக்கு 270 ரூபா அளவில் இருந்தது, நடுப்பகுதியில் 430 க்கு மேல் போனது. அந்த மாதங்களில் டொலருக்கு எதிராகப் பவுணும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ரூபா அதைவிட வேகமாக விழுந்தது. "பவுண் நல்லா ஏறிட்டுது" என்று எங்கள் சனம் சந்தோஷப்பட்டது. ஊரிலோ அந்த செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவு விலை முந்திய வருடத்தைவிட 90 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. கூடிய ரூபாவை அப்படியே அரிசி விலை கொண்டுபோய்விட்டது.

கையில் டொலரோ யூரோவோ கொண்டு வந்திருந்தால், "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நல்ல விலை வரும்" என்று சொல்லும் ஆட்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. 2019 இல் பெரிய வங்கிகளே தப்புக் கணக்குப் போட்டன. தேவையான அளவை மட்டும் மாற்றுங்கள். விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். "கொமிஷன் இல்லை" என்று பலகை போட்டிருக்கும் இடங்களில், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்தான் கொமிஷன் ஒளிந்திருக்கும். "இந்தக் காசைத் தந்தால் கடைசியாகக் கையில் எவ்வளவு வரும்?" என்ற ஒரு கேள்வியை இரண்டு மூன்று கடைகளில் கேட்டு ஒப்பிடுங்கள்.

உண்டியல் வழியாக அனுப்புவது பற்றியும் கேட்கிறீர்கள். விலை கொஞ்சம் கூடத் தருவார்கள், உண்மை. ஆனால் காசு அனுப்பும் தொழில் செய்கிறவர் இந்த நாட்டில் முறைப்படி பதிந்திருக்க வேண்டும். பதியாதவரிடம் கொடுத்த காசு போய்ச் சேராவிட்டால் நீங்கள் முறையிட இடமில்லை. பவுண் வேகமாக ஆடும் நாட்களில்தான் இப்படிப்பட்ட பிரச்சினைகள் கூட வரும். காலையில் ஒரு விலை சொல்லி வாங்கி, பின்னேரம் வேறு விலையில் கொடுப்பார்கள்.

இன்னொன்று முக்கியம். கொடுப்பனவு பெறும் காலத்தில் உறவினரிடமிருந்து காசு வந்தாலோ, கையில் சேமிப்பு இருந்தாலோ அதை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும். மறைத்தது பிறகு தெரியவந்தால் கொடுப்பனவு நிறுத்தப்படலாம். எதை அறிவிக்க வேண்டும் என்று ஐமிச்சம் இருந்தால், காசை வாங்குவதற்கு முன் எங்களிடம் கேளுங்கள்.

பயணத்துக்காக ஊரில் கடன்பட்டு வந்தவர்களுக்கும் ஒரு சொல். 20 லட்சம் ரூபாக் கடன் 215 ரூபாக் கணக்கில் 9,300 பவுண். 180 ரூபாக் கணக்கில் 11,100 பவுண். ஒரு சதம் கூட மேலே வாங்காமலே கடன் 1,800 பவுண் கூடிவிடும். பிறகு இறங்கவும் இறங்கும். ஆகவே கடன் எந்த நாணயத்தில் பேசப்பட்டது என்பதை வீட்டாரிடம் இன்றே தெளிவாகக் கேட்டு எழுதி வையுங்கள். "பவுண் விழுந்திட்டுது, இனி இவ்வளவு தரவேணும்" என்று ஏஜென்சிக்காரர் புதுக்கணக்குச் சொன்னால் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடனுக்காகச் சட்டவிரோதமாக வேலை செய்யச் சொல்லியோ ஊரிலுள்ளவர்களுக்குத் தீங்கு செய்வோம் என்றோ மிரட்டினால், அதை உங்கள் சட்டத்தரணியிடமும் எங்கள் ஆலோசகரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அழைப்பு வந்த திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.