ஒரு வயிற்றுக் குதிரைகள்

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பந்தயத்தில் ஒருமுறைகூட ஜெயிக்காத பெட்டைக் குதிரையை ஏலத்தில் லட்சக்கணக்கில் கொடுத்து எடுக்கிறார்களே, எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?”

செட்டிநாட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நம் பக்கத்தில் குதிரை என்றாலே புரவி எடுப்பில் தோளேறி அய்யனாரிடம் போகும் மண் குதிரைதான் நினைவுக்கு வரும். ஆனால் கிண்டி மைதானத்தில் பல பத்தாண்டுகள் கோப்பைகளை அள்ளியவர், செட்டிநாட்டு அரசர் குடும்பத்து எம்.ஏ.எம். ராமசாமி. அந்த உலகத்தில் குதிரையின் காலைப் பார்க்கும் முன் ஏட்டைப் பார்ப்பார்கள்.

ஏலப் புத்தகத்தில் குதிரைக்கு ஒரு பக்கம். தந்தை வழிப் பெயர்கள் மேலே ஒரு சிறு கட்டத்துக்குள் முடிந்துவிடும். மீதிப் பக்கம் முழுவதும் தாய், தாயின் தாய், அவளுடைய தாய், அவர்கள் ஈன்ற குட்டிகள், அந்தக் குட்டிகள் வென்ற பந்தயங்கள். பெரிய பந்தயம் வென்ற குதிரையின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள். தேர்ந்த கண் அந்தக் கறுப்பெழுத்து எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடும். தாயின் கீழும் பாட்டியின் கீழும் இருந்தால் விலை ஏறும். கொள்ளுப்பாட்டிக்குக் கீழேதான் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். அது பர்மா தேக்கில் தூண் நிறுத்திய பழைய வீடு போல. இன்று திண்ணையில் புல் முளைத்துக் கிடக்கிறது. தூணின் பெருமை உண்மைதான், ஆனால் இப்போது உள்ளே விளக்கேற்றுகிறவர் யார்?

இந்தப் பந்தயக் குதிரை இனத்தின் தந்தைவழி மூன்றே மூன்று பொலிகுதிரைகளில் போய் முடியும் என்பது பலரும் படித்தது. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. ஒரே தந்தைக்குப் பிறந்த இரண்டு குதிரைகளைக் குதிரைக்காரர்கள் அண்ணன் தம்பி என்று சொல்லவே மாட்டார்கள். தாய் ஒன்றாக இருந்தால்தான் உடன்பிறப்பு. காரணம் எளிது. பெயர்பெற்ற பொலிகுதிரை ஒரு பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டைகளோடு சேரும். அதன் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கும். பெட்டையோ பதினொரு மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எப்போதும் சிலரே. ‘சகோதரர்’ என்ற சொல்லுக்கும் ஒரே உதரத்தில், ஒரே வயிற்றில் பிறந்தவர் என்பதுதானே பொருள்? நாம் பெரியப்பா மகனையும் சகோதரர் என்கிறோம். குதிரைக்காரர்கள் அந்தச் சொல்லின் மூலப்பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ‘குடும்பம்’ என்று சொன்னாலும் தாய்வழி மட்டுமே.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று சம்திங்ராயல் என்ற அமெரிக்கப் பெட்டை. வாழ்நாளில் ஒரே ஒரு பந்தயம் ஓடியது. அதிலும் இடம் பிடிக்கவில்லை. அது 1959இல் ஈன்ற சர் கேலார்ட் நல்ல ஓட்டக்காரன், பின்னாளில் பேர் சொன்ன பொலிகுதிரை. பதினோரு ஆண்டு கழித்து, தனது பதினெட்டாவது வயதில், வேறொரு பொலிகுதிரைக்கு ஈன்றது செக்ரட்டேரியட். 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளம் முந்தி வென்றது அதுதான். அந்த செக்ரட்டேரியட்டின் புகழைச் சந்ததியில் நிலைநிறுத்தியவர்களும் மகள் வயிற்றுப் பேரன்களே: ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி. எனவே ஜெயிக்காத பெட்டையை வாங்குகிறவர் ஏமாளி அல்லர், வாசகரே. அது யார் மகள், யாருக்கு உடன்பிறப்பு, ஏற்கெனவே ஈன்றவை எப்படி ஓடின என்று பார்த்துத்தான் கை தூக்குகிறார்.

ஏட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர் தாய்வழிகளுக்கெல்லாம் எண் கொடுத்து வரிசைப்படுத்தினார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை இந்தக் காலத்தில் சோதித்தபோது, ஒரே எண்ணுக்குள் வேறு வேறு தாய்வழிகள் கலந்திருப்பது தெரிந்தது. எப்போதோ ஒரு லாயத்தில் யாரோ பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதோடு, சினை தங்குகிறதா, எத்தனை ஈத்து ஆயிற்று, எத்தனை வருஷம் வெறுமனே போயிற்று என்று உடம்பையும் கேட்க வேண்டும்.

வருஷம் தவறாமல் சினைப்படுத்தி, ஈத்து நின்றதும் பெட்டையைக் கைகழுவுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஏட்டில் அதன் பெயராவது நிற்கிறது. நம் சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் இனப் பசுவுக்கு அதுவும் இல்லை. சிராவயல் மஞ்சுவிரட்டில் பிடிபடாத காளைக்கு மாலையும் சுவரொட்டியும் உண்டு. சுழி பார்க்கிறோம், திமில் பார்க்கிறோம், பொலிகாளையின் பேர் கேட்கிறோம். ஈன்ற பசு எந்தக் கிடையில் நிற்கிறது, அடிமாட்டு வண்டியில் ஏறிவிட்டதா என்று கேட்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தாயின் பெயர், ஈத்து, கன்று. வீட்டுக்கு வீடு எழுதி வைத்தால் இந்த இனத்துக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை.

போன தையில் சிராவயல் பொட்டலில், மாலையோடு நின்ற ஒரு காளைக்காரப் பையனிடம், “இதுக்குத் தாய் எது தம்பி?” என்று கேட்டேன். வாங்கிய பரிசுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். “இருங்கய்யா, அப்பத்தாவைக் கேப்போம்” என்று கைபேசியில் அழைத்தான். ஒலிபெருக்கிச் சத்தத்தை மீறி அந்த அம்மாளின் குரல் தெளிவாக வந்தது:

“அதோட ஆத்தா நம்ம மயிலை. மயிலைக்கு ஆத்தா கூழைவாலு. கூழைவாலோட ஆத்தா, எங்கப்பன் எனக்குச் சீரா ஓட்டிவிட்ட பசு.”