பாதி சார்ஜில் கப்பலேறும் கார்

கார் ஏற்றும் கப்பலின் உட்புறம் பல மாடி பார்க்கிங் போல இருக்கும். ஆனால் எந்தப் பார்க்கிங்கிலும் வண்டிகள் இவ்வளவு நெருக்கி நிற்பதில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. வண்டியை நிறுத்திய ஓட்டுநர் பாதி திறந்த கதவு வழியே நெளிந்துதான் வெளியே வருவார். பிறகு பட்டை போட்டு வண்டியைத் தளத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். அந்த நெரிசலில் நடுவிலுள்ள ஒரு கார் தீப்பிடித்தால் தண்ணீர்க் குழாயோடு ஆள் போக வழியில்லை. மின்காரை ஏற்றும்போது சார்ஜ் எவ்வளவு என்று கேட்பது இதனால்தான்.

லித்தியம் அயனி செல்லுக்குள் இரண்டு மின்முனைகள், நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அடிபட்டோ, தயாரிப்புக் குறையாலோ படலம் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூடு வேதிவினையை முடுக்கும். வேதிவினை மேலும் சூடாக்கும். எரியும் வாயு பீறிட்டு, அடுத்தடுத்த செல்லுக்கும் சூடு தாவும். சார்ஜ் குறைவாக இருந்தால் இந்த ஓட்டம் தணிவாக இருக்கும். பாதிக்கு மேல் வேண்டாம் என்று பல கப்பல் நிறுவனங்கள் சொல்வது அதற்காகவே. அடியோடு வற்றவும் விடக்கூடாது. செல் கெட்டுவிடும், போய்ச்சேரும் துறைமுகத்தில் வண்டியை ஓட்டி இறக்கவும் முடியாது.

கப்பலில் வழக்கமான தீயணைப்பு, தளத்தை மூடிக் கரியமில வாயுவை நிரப்புவது. பெட்ரோல் தீக்குக் காற்று கிடைக்காமல் போகும், அணையும். பேட்டரிக்குள் நடக்கும் வினையோ வெளிக்காற்றை நம்பியிருக்கவில்லை. அதைக் குளிர்விக்க வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும். மேல்தளங்களில் தண்ணீர் தேங்கினால் கப்பலே சாயும்.

2023 ஜூலையில் நெதர்லாந்துக் கடலில் எரிந்த ஃப்ரீமேண்டில் ஹைவே கப்பலில் 3,783 கார்கள் இருந்தன. அவற்றில் 498 மின்கார்கள். இந்திய மாலுமி ஒருவர் இறந்தார். பழி உடனே மின்கார்கள் மேல் விழுந்தது. ஆனால் கப்பலைக் கரைக்கு இழுத்து வந்தபோது, அடித்தளங்களில் பல மின்கார்கள் சேதமின்றி நின்றன. புதிய, பழுதில்லாத பேட்டரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

அஞ்ச வேண்டியது அடிபட்டதையும் நனைந்ததையும். 2022இல் இயன் புயலில் கடல்நீர் புகுந்த மின்கார்கள் சில, ஃப்ளோரிடாவில் வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடித்தன. ஆகவே சட்டமும் இரண்டாகப் பார்க்கிறது. லித்தியம் அயனி பேட்டரி வண்டிக்கு இப்போது ஐ.நா. எண் 3556, ஆபத்துச் சரக்கில் 9ஆம் வகுப்பு. அதிர்வு, மோதல், மிகைச் சார்ஜ் முதலிய சோதனைகளில் அந்தப் பேட்டரி வகை தேறியிருக்க வேண்டும். பழுதான பேட்டரி என்றால் நிபந்தனைகள் கடுமையாகும். அதை மறைத்து ஏற்றுவது குற்றம்.

மறைத்தால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கன்டெய்னர் நெடுஞ்சாலையில் எரிந்தது. உள்ளே கழித்துக்கட்டிய லித்தியம் பேட்டரிகள். வெப்பம் கன்டெய்னரின் இரும்பையே துளைத்திருந்தது. சரக்குச் சீட்டில் எழுதியிருந்தது ‘கம்ப்யூட்டர் பாகங்கள்’. கப்பலில் ஏறிய பிறகு எரிந்திருந்தால், அந்தச் சீட்டை நம்பித்தான் மாலுமிகள் அதன் முன் போய் நின்றிருப்பார்கள்.